அசனச் சோறும் அணைந்த அடுப்பும்

விமலகுமாரிக்குக் கோபம் வந்தால் பாறசாலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்பவனுக்கும் கேட்கும் என்று காரக்கோணம் சாலையோரத்து ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அவர்கள் குடியிருக்கும் பதினோரு வீட்டு வரிசைக்குத் தெருவிளக்கு வந்திருக்காது, குழாய்த் தண்ணீர் வந்திருக்காது, கேஸ் பிளாண்ட் வந்தேயிருக்காது. வாயை மூடிக்கொண்டு நல்ல பெயர் வாங்கிய பெண்களுக்கு யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

பிறந்தது திருப்புறத்தில். கட்டிக்கொடுத்தது இங்கே, நேசையனுக்கு. நேசையன் விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போவார், பகலில் கிடைத்த வேலைக்குப் போவார், சபையில் விருந்து என்றால் கூப்பிடாமலே போய்ப் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பார். கோபமே வராத மனுஷன். அதுதான் விமலகுமாரிக்குப் பெரிய கோபம். கல்லோடு சண்டை போட்டால்கூட கை வலிக்கும், இந்த மனுஷனோடு போட்டால் அதுகூடக் கிடையாது என்று அவள் பல்லைக் கடிப்பாள்.

ஒரே மகள் ஜிஜா. வீட்டிலிருந்து துணி தைக்கிறாள். நல்ல கை. ஆனால் சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைப்பு. மார்ச்சளி என்றார்கள், மழைக்குளிர் என்றார்கள், கடைசியில் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர்தான் நேரே கேட்டார்: "வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?" ரப்பர் விறகில். மழைக்காலத்தில் ஈர ரப்பர் விறகு விடுகிற புகை இருக்கிறதே, பெரியவர்களுக்கே கண்ணைக் கரித்துத் தொண்டையை அடைக்கும். இனி விறகு எரிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"பின்னெ எதெ எரிக்க? என் கையெயா காலெயா?" என்று விமலகுமாரி டாக்டரிடமே பாய்ந்தாள். சிலிண்டர் மாதம் முழுக்க ஓடுகிற வீடு இல்லை அது. பாதி மாதத்தில் தீரும், மீதிப் பாதிக்கு மறுபடியும் விறகு, மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் மூக்கில் மாஸ்க் வைத்து ஆவி மருந்து.

அப்போதுதான் பஞ்சாயத்தில் கேஸ் பிளாண்ட் திட்டம் வந்தது. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்தால் ஒரு பொதுத்தொட்டி கட்டித் தருவார்கள். அடுக்களையில் மிஞ்சுகிற கஞ்சித் தண்ணீர், மரச்சீனிக் கிழங்குத் தொலி, மீன் கழிவு எல்லாவற்றையும் கரைத்து ஊற்றினால் போதும், குழாய் வழியாக வீட்டுக்கு வீடு கேஸ் போகும். தொட்டி கட்ட இடம்தான் வேண்டும். வரிசையில் ஒருவருக்கும் இடமில்லை. சபைக்கு இருந்தது, ஆலயத்துக்குப் பின்னால், பழைய கல்லறைத் தோட்டத்துக்கு இந்தப் பக்கம், முள்ளும் புல்லும் மண்டிக் கிடந்த மூலை.

சபைச் செயலாளர் பொன்னுதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டை மடிப்பு கலையாமல் நடக்கிறவர். ஆலயத்துக்குப் பக்கத்தில் எச்சில் தொட்டியா என்றார். விமலகுமாரி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "ஆண்டவரு மாட்டுத் தொழுவத்தில பிறந்தாரு எண்ணு வருசா வருசம் குடில் கெட்டுவிய. அங்க மட்டும் நாத்தம் இல்லியா?" என்று கேட்டாள். போதகர் சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலையில் பதினோரு வீட்டு வாளியும் வரும். கரைத்து, அளவாக ஊற்றி, கலக்கிவிடுவாள். தொட்டியின் மேலே கவிழ்த்த இரும்பு மூடி கேஸ் சேரச்சேர மெதுவாக எழும்பும், சமைக்கச் சமைக்கத் தாழும். அதன்பின் வந்த இரண்டு மழைக்காலமும் ஜிஜா ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. அவ்வளவுதான் விஷயம். விமலகுமாரிக்கு அந்தத் தொட்டி என்றால் மகளுடைய மூச்சு. வேறு ஒரு அர்த்தமும் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் காலநிலைத் திட்டம் என்று பஞ்சாயத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து அகிலேஷ் என்று ஓர் அதிகாரி வந்திருந்தார். சின்ன வயது, பேச்சில் பணிவு. கடலோரத்தில் வெயில் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கப் போகிறார்கள், பச்சை ஹைட்ரஜன் என்று அதற்குப் பெயர், எரித்தால் புகையே வராது, துறைமுகத்து லாரிகள் இனி அதில் ஓடும். அது ஒரு பக்கம். உள்நாட்டில் எல்லாப் பஞ்சாயத்துக் கழிவையும் வண்டியில் சேர்த்து ஒரே பெரிய ஆலைக்குக் கொண்டுபோய் கேஸ் எடுப்பார்கள். அதிலும் அந்த லாரிகள் ஓடும். டீசல் குறையும், பூமியின் சூடு குறையும். படம் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

விமலகுமாரி எழுந்தாள். மண்டபத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சாரே, நாங்க தின்ன மிச்சமாக்கும் அது. எங்க அடுப்பில எரிஞ்சு எங்க சோறு வேவுது. அதெ நீங்க வண்டியில ஏத்திக்கொண்டு போயி துறைமுகத்து லாறிக்கு ஊத்துவிய. எங்களுக்கு என்ன மிச்சம்? பொகையா?"

அதிகாரி வாயைத் திறக்கும் முன் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பொழியூர்க்காரி, ஜோஸ்மி என்று பெயர். மீனவர் குடும்பம். "சேச்சி, எங்க அடுக்களெ இப்பம் கடலுக்குள்ளெ கெடக்குது," என்றாள். "போன மழைக்கு முந்தின மழையில போச்சு. இவிய சொல்லியது நடந்து கடலு ஒரு சாணு அடங்குமெங்கி, வாளி மட்டுமில்லெ, சோத்துப் பானையையும் குடுப்போம்."

ஜோஸ்மி சொன்னதில் பொய் இல்லை, விமலகுமாரி சொன்னதிலும் இல்லை. அந்த ஆத்திரத்தில் அவள் மறுபடி அதிகாரியைப் பார்த்துத் திரும்பினாள். "செரி சாரே. அவ அடுக்களெ குடுத்தாச்சு. நான் வாளி குடுக்கணும். அந்த லாறிக்காரன் எதெக் குடுப்பான்?"

அகிலேஷ் லாரிக் கேள்வியைத் தாண்டிப் போனார். நியாயமாக ஒன்று மட்டும் சொன்னார். பல ஊர்களில் இப்படிக் கட்டிய சின்னத் தொட்டிகள் புல் முளைத்துக் கிடக்கின்றன, அதனால்தான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறோம். ஒழுங்காக ஓடுகிறதை யாரும் தொடமாட்டார்கள். நேரில் வந்து பார்ப்பேன், அடுப்பில் தீ நின்று எரிந்தால் உங்கள் வாளி உங்களுக்கே. எரியாவிட்டால் வண்டிக்கு.

"வாரும். வந்து பாரும்," என்றாள் விமலகுமாரி. அவ்வளவு தைரியம்!

அதிகாரி வருவதாகச் சொன்ன வாரத்துக்கு முந்தின ஞாயிறு சபையில் அசனம். ஆண்டுக்கு ஒருமுறை சபையார் எல்லாரும், ஏழை பணக்காரன் பார்க்காமல், ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிற விருந்து. ஜெபம் பண்ணி ஆசீர்வதித்த சோறு. ஒரு பருக்கை மிஞ்சினாலும் குப்பையில் போடமாட்டார்கள், நாய்க்கு வைக்கமாட்டார்கள். மிஞ்சியதை ஆலயத்து மண்ணிலேயே குழி வெட்டி மூடுவதுதான் வழக்கம். அந்த ஞாயிறு பார்த்து மதியத்திலிருந்து அடைமழை. பாதிச் சபை வரவில்லை. அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறியும் மிஞ்சிவிட்டது. விமலகுமாரி முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஜிஜாவோடு திருப்புறத்தில் தங்கை வீட்டு நிச்சயத்துக்குப் போயிருந்தாள்.

மழையில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறுகிறது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது நேசையனுக்கு, வாழ்நாளில் ஒரு யோசனையும் சொல்லாத அந்த மனுஷனுக்கு, ஒரு யோசனை வந்தது. மண்ணில் அழுகுவதைவிடத் தீயாய் எரிவது ஆண்டவருக்கு நல்லதுதானே? தொட்டி பக்கத்தில்தானே இருக்கிறது? பொன்னுதாஸ் அவரைத் தட்டிக்கொடுத்தார். எச்சில் தொட்டி என்று முகம் சுளித்த அதே பொன்னுதாஸ், குடை பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சின்ன ஜெபமும் செய்தார். அத்தனை அண்டாவையும் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தார்கள்.

மறுநாள் காலையில் இரும்பு மூடி என்றைக்கும் இல்லாத உயரத்துக்கு எழும்பி நின்றது. பார்த்தவர்களெல்லாம் ஆசீர்வாதம் என்றார்கள். விமலகுமாரி வீட்டில் அடுப்பைத் திறந்து தீக்குச்சி உரசினாள். குச்சிதான் அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. குழாயில் காற்று புஸ்ஸென்று வருகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. ஓடிப்போய்த் தொட்டியில் முகர்ந்தாள். காடிப் புளிப்பு. தொட்டி கட்டிக்கொடுத்த கம்பெனிக்காரனுக்கு போன் போட்டாள். ஒரே நாளில் அவ்வளவு சோறு போட்டால் உள்ளே எல்லாம் புளித்துப்போகும், கேஸ் எழும்பும் ஆனால் எரியாது, இனி ஒன்றும் ஊற்றாமல் சாணம் கரைத்துவிட்டுக் காத்திருங்கள், மூன்று நான்கு வாரம் ஆகும் என்றான்.

"நாலு வாரமா? எலே, அதிகாரி வியாழக்கிழமை வாறான்!"

அன்றைக்கு நேசையன் ரப்பர் வெட்டிவிட்டு வந்தபோது வாசலிலேயே பிடித்தாள்.

"ஓய் மனுசா! ஒமக்குப் புத்தி எண்ணு ஒண்ணு உண்டா? வீட்டுக்கு ஒரு வாளிக்கு மேல ஊத்தாதே, ஊத்தாதே எண்ணு நான் தொண்டெ கிழியச் செல்லியது ஒம்ம காதில விழவே இல்லியா?"

"அசனச் சோறாக்கும் விமலா," என்றார் அவர். "கொரைக்கிய பட்டிக்குப் போடச் செல்லுதியா? ஜெபம் பண்ணித்தான் ஊத்தினோம்."

"ஜெபம் பண்ணி வெஷத்தெ ஊத்தினா அது பாலாவுமா? நாசமாப் போச்சு! என் பிள்ளெக்க மூச்செயாக்கும் நீங்க எல்லாருஞ் சேந்து அமுக்கினது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டத் திட்டக் குனிந்தார். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமைக்குப் பொன்னுதாஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். தொட்டியின் ஒரு குழாய் போகிற ஆலயத்துச் சமையல் கொட்டகையில்தான் அதிகாரிக்கு அடுப்பு எரித்துக் காட்ட வேண்டும். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்து, குழாயை ஓட்டை வழியே உள்ளே விட்டு, அடுப்பையும் மாற்றி வைத்துவிட்டார். "நாலு வாரத்தில தொட்டி தானே செரியாவும். அதுவரெ ஒரு சின்ன சகாயம். நீ மட்டும் வாயத் தொறக்காதே, விமலா," என்றார்.

அவள் திறக்கவில்லை! மகளுக்காக அந்த நாக்கையும் கட்டினாள். அகிலேஷ் வந்தார், தொட்டியைச் சுற்றிப் பார்த்தார், கொட்டகைக்குள் நுழைந்தார். அடுப்பு நீலமாக எரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப் போனவர் கேட்காமல், "ஷெரி, நல்ல தீ," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வேலியோரம் நின்ற ஜிஜா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் முடிந்தது. ஒரு சாயா குடித்துவிட்டு அவர் வண்டியில் ஏற வேண்டியதுதான் பாக்கி.

பொன்னுதாஸ் சும்மா இருந்தாரா? ஒரு நல்ல காரியம் நடந்தால் நன்றி ஜெபம் செய்யாமல் அந்த ஆளால் இருக்க முடியாது. சாயாக் கோப்பையோடு அதிகாரி நிற்கும்போதே கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். "ஆண்டவரே, இந்த அடுப்பில் தீயைத் தந்த உமது கிருபைக்காக ஸ்தோத்திரம். எங்கள் சபையின் சிறிய பிரயாசத்தை நீர் ஆசீர்வதித்தீர்..."

விமலகுமாரிக்கு உச்சந்தலையில் ஏறியது. ஒரு பொய்யை மனுஷனிடம் சொல்வதை அவள் பொறுத்துக்கொண்டாள். அதை ஆண்டவரிடமும் சொல்வதா? தொட்டியைக் கொன்றவர்களே, இப்போது அதற்கும் நன்றி சொல்கிறார்களா?

"கிருபையுமில்லெ ஒரு எளவுமில்லெ!" என்று கத்தினாள். "ஒம்ம வீட்டு சிலிண்டராக்கும் அது!"

ஜெபம் அந்தரத்தில் நின்றது. ஜிஜா வேலியைப் பிடித்துக்கொண்டாள். நேசையன் கண்ணைத் திறக்கவே இல்லை. அகிலேஷ் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் போன பிறகு சொல்லியிருக்கலாமே, சேச்சி," என்றார். திட்டவில்லை. அந்தச் சத்தமில்லாத பேச்சுதான் அவளுக்குச் செருப்படியாக இருந்தது. கேட்ட பிறகு கேட்காதவன்போல எழுத என்னால் முடியாது என்றார். தொட்டி ஓடவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். இடம் கொடுத்த சபையே பஞ்சாயத்துக்கு வந்து, நடந்ததைச் சொல்லி, தொட்டியைச் சரியாக்கித் தருகிறோம், வாளியை எடுக்காதீர்கள் என்று கேட்டால் மறுபடி பார்க்கலாம், என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான் என்று போகும்போது சொன்னார்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. வாளிகள் ஏறின. வரிசையில் ஒருத்தியும் விமலகுமாரியோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு லிஷா மட்டும் கேட்டாள்: "ஒங்க வாயால போச்சுல்லியா, அக்கா?"

"என் வாயாலத்தானே வந்தது! அப்பம் ஆராவது ஒருத்தி எனக்கு நன்றி செல்லினியளா?"

மிச்சமிருந்த சிலிண்டரும் தீர்ந்து அடுப்பில் விறகு ஏறியது. புதன்கிழமை சாயங்காலம் ஜிஜாவுக்கு இழுக்கத் தொடங்கியது. தோள்பட்டை ஏறி இறங்க, உதடு வெளுக்க, ஆட்டோவில் அம்மா மேல் சாய்ந்துகொண்டு காரக்கோணம் போனாள். மாஸ்கை எடுத்தபிறகு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நிமிசம், அம்மா. ஒரே ஒரு நிமிசம் நீ சும்மா நிண்ணிருந்தா போதும்." மகள் சொன்னது சரி. விமலகுமாரிக்கு அது தெரியும். தெரிந்ததால் கோபம் அடங்கிவிடுமா என்ன? தன் மேல் வந்த கோபமும் சேர்ந்து இரட்டிப்பாகத்தான் ஆனது.

சனிக்கிழமை பொன்னுதாஸ் வீட்டுக்குப் போனாள். பஞ்சாயத்துக்கு வாருங்கள், அசனச் சோற்றை நாங்கள்தான் ஊற்றினோம் என்று சபை சார்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். கெஞ்சித்தான் கேட்டாள். கெஞ்சுவது அவளுக்கு வராது, அதனால் மிரட்டியதுபோல இருந்திருக்கலாம்.

"அங்க போனா சிலிண்டர் காரியமும் வரும்," என்றார் பொன்னுதாஸ். "சபைக்க மானம் போவும். நாங்க நல்ல மனசோடத்தானே செய்தது, விமலா? விட்டுரு."

"என் பிள்ளெக்கு மூச்சு முட்டும்போ ஒங்க நல்ல மனசெ மூக்கில வச்சுக் குடுக்கட்டா?"

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை தொடங்கி இரண்டாம் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். ஆலயத்தின் மேற்குச் சன்னல்களுக்கு நேர் கீழே, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து, விமலகுமாரி மூன்று கல்லை வைத்தாள். கலத்தில் அரிசி போட்டாள். ஈர ரப்பர் விறகை அடுக்கினாள். போதாததற்கு நனைந்த தேங்காய்த் தொண்டும் வைத்தாள். ஊதினாள்.

புகை எழும்பி, சன்னல் வழியே ஒழுங்காக உள்ளே போனது. பாட்டு தடுமாறியது. முதலில் பின்வரிசைப் பெண்கள் இருமினார்கள், பிறகு பாடகர் குழு. பொன்னுதாஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"விமலா, என்ன காட்டாயம், என்ன அக்கிரமம் இது! ஆராதனெ நடக்குது!"

"நடக்கட்டு. எனக்குச் சோறு வேவணும்."

"நம்ம சபையில தூபம் காட்டிய வழக்கம் உண்டா? உள்ள ஒரு ஆளுக்கு மூச்சு விட முடியல்ல!"

"வீட்டில வச்சா என் மகளுக்கு முடியல்ல. அதுனால இஞ்ச கொண்டு வந்தாச்சு. இனி தெனமும் மூணு நேரமும் இஞ்சதான். நீங்க பஞ்சாயத்துக்குப் போவியது வரெ."

அவர் பின்னால் கதவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நேசையன் வந்தார். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும், கையில் வேதப்புத்தகமும். தடுக்கத்தான் வருகிறார் என்று விமலகுமாரி எரிகிற கட்டையையே கையில் எடுத்துவிட்டாள். அவர் வேதப்புத்தகத்தை லிஷா கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பொன்னுதாஸைப் பார்த்து, "ஊத்தினது நானாக்கும், சாரே. பஞ்சாயத்தில நான் செல்லுவேன். சபையும் வரணும்," என்றார். பிறகு புகைக்குள் குந்தி, கண்ணில் நீர் கொட்ட, கன்னம் உப்ப அடுப்பை ஊதத் தொடங்கினார்.

அவர் ஊதியதில் புகை இன்னொரு மடங்கு எழும்பிச் சன்னலை மூடியது. உள்ளே போதகரும் இருமினார். பொன்னுதாஸ் இடுப்பில் கையை வைத்துக் குனிந்து இருமினார், நிறுத்த முடியாமல் இருமினார். விமலகுமாரி அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

"இருமுங்க," என்றாள். "நல்லா இருமுங்க. என் மகளு இருமினது போதும்."